அத்தாவின் நாக்கும் பினாங்கு மாமியும்

பினாங்கிலிருந்து என் மாமு ஒரு சீனத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறார் என்ற செய்தி, அவர்கள் வந்த ரயிலுக்கு முன்பாகவே பேகம்பூருக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஐம்பதுகள் முடியப்போகிற சமயம். நான் மூன்றாம் வகுப்பு. நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கி, ரயில் பிடித்து, திண்டுக்கல் ஸ்டேஷனிலிருந்து ஜட்கா வண்டியில் அவர்கள் எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது, வண்டிக்கு முன்னால் ஓடி வந்த பிள்ளைகளில் முதல் ஆள் நான்தான். என் சொந்த மாமி அல்லவா, அந்த உரிமையை நான் யாருக்கு விட்டுக்கொடுப்பேன்?

வண்டியிலிருந்து இறங்கிய மாமி சேலை கட்டி முக்காடு போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அழகாக ஸலாம் சொன்னாள். பிறகு, “நீங்கதான் அக்கா மகளா? வாங்க” என்று எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு என்னையே வரவேற்றாள். பினாங்கில் மாமுவின் சாப்பாட்டுக் கடைக்கு வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய தமிழ் அது. எட்டு வயதுப் பிள்ளையை ‘வாங்க, போங்க’ என்று கூப்பிட்ட முதல் மனுஷி அவள். அந்த நிமிஷமே நான் மாமி கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

வீட்டில் இன்னொரு கட்சியும் இருந்தது. அதில் ஒரே ஓர் ஆள், என்னைப் பெற்ற அத்தா. அத்தாவின் தங்கையை மாமுவுக்குக் கொடுப்பதாக முன்பே பேச்சு இருந்ததாம். மாமு அதைக் காற்றில் விட்டுவிட்டுக் கடல் தாண்டி வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். என் அத்தைக்குப் பழனிப் பக்கம் நல்ல இடத்தில் கல்யாணமாகி அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். கோபத்தை அத்தா மட்டும் விடாமல் பத்திரமாக வைத்திருந்தார். மாமு எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். அத்தா அம்மாவைப் பார்த்து, “உன் தம்பிகிட்டச் சொல்லு, கதவச் சாத்திட்டு வரச்சொல்லு” என்பார். மாமுவும் அம்மாவைப் பார்த்து, “மச்சான்கிட்டச் சொல்லுக்கா, சாத்திட்டேன்” என்பார். அம்மா நடுவில் தபால்காரி மாதிரி நிற்பாள்.

அத்தா பிரியாணிக்கடை வைத்திருந்தார். சீரகச் சம்பா அரிசியில் அவர் தம் போட்டுத் திறந்தால், பஸ் பிடிக்க ஓடுகிறவர்கள்கூடப் பஸ்ஸை விட்டுவிட்டு உள்ளே வருவார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர், அந்த வருஷம் தன் கை பிரியாணியைத் தானே தின்ன முடியாமல் கிடந்தார். இது எங்கள் வீட்டு நாலு சுவருக்குள் இருந்த ரகசியம். இரண்டு வாய் சோறு உள்ளே போனால் வயிறு மத்தளம்போல உப்பிவிடும். ஏப்பமாக வரும். காலையில் எழுந்ததும் கொல்லைக்கு ஓடுவார். ஓடிவிட்டு வந்து சோர்ந்து படுப்பார். கடையில் உப்பும் காரமும் பார்க்கிறேன் என்று வாயில் போடுவதை, யாரும் பார்க்காதபோது துப்பிவிடுவார். பெரிய டாக்டர் நன்றாகச் சோதித்துப் பார்த்து, புண் எதுவும் இல்லை, வேளைக்குச் சாப்பிடுங்கள், சோடாவை விடுங்கள் என்று சொல்லி மருந்தும் கொடுத்திருந்தார். அத்தா மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு, சொன்னதை டாக்டரிடமே விட்டுவிட்டு வந்தார். ஓமத் தண்ணீரும் குடித்தார், தர்காவில் மந்திரித்துக் கயிறும் கட்டிக்கொண்டார். எல்லாவற்றையும் முடித்துவிட்டு, நெஞ்சு அடைக்கிறதே என்று ஐஸ் போட்ட பன்னீர் சோடாவையும் குடித்தார்.

இந்த நிலைமையில்தான் தோல் பதனிடுகிற ஷாப் முதலாளி வீட்டு ஆள் வந்தான். முதலாளியின் மகளுக்கு அடுத்த பிறையில், அதாவது வருகிற மாதம், நிக்காஹ், பிரியாணி அத்தாதான் ஆக்க வேண்டும். வீடே குதித்திருக்க வேண்டிய செய்தி. ஆனால் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த முதலாளியிடம் ஒரு பழக்கம் உண்டு, ஊருக்கே தெரியும். விருந்து பரிமாறுவதற்கு முன், சமைத்தவரைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, முதல் தட்டை அவரையே முழுசாகச் சாப்பிடச் சொல்வார். “ஆக்குனவன் திங்காத சோத்த என் விருந்தாளிக்குப் போடமாட்டேன்” என்பது அவர் பேச்சு. தின்ன மறுத்த ஒரு சமையல்காரரின் மொத்தச் சோற்றையும் அவர் திருப்பி அனுப்பிய கதையை எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அத்தா மூன்று கவளத்துக்கு மேல் தின்ன முடியாத ஆள். தட்டில் பாதியோடு எழுந்தால் கடையின் பேர் அன்றோடு போச்சு.

அன்றைக்கு மத்தியானம் அத்தா சாப்பிட்டதை மாமி அடுப்படிக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டார், சோடாவை உடைத்தார், மறுபடி ஒரு வாய், மறுபடி சோடா. மாமி என்னைக் கூப்பிட்டு ரகசியமாகச் சொன்னாள்.

“உங்க அத்தா நாக்கு பாக்கணும்.”

“எதுக்கு மாமி?”

“வயிறு உள்ள இருக்கு, பாக்க முடியாது. நாக்கு வெளிய வரும். வயித்துக் கதை எல்லாம் அது சொல்லும். காலையில பாக்கணும், பல் தேய்க்கிறதுக்கு முன்னாடி.”

பினாங்கில் அவளுடைய அம்மா சீன மருந்துக்கடை வைத்திருந்தாளாம். வேரும் பட்டையும் தோலும் அடைத்த இழுப்பறைகள் கூரைவரை இருக்குமாம். வருகிறவர்களின் நாக்கைப் பார்த்துவிட்டுத்தான் எந்த இழுப்பறையை இழுப்பது என்று அவள் அம்மா முடிவு செய்வாளாம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆனால் பேகம்பூரில், மைத்துனன் பெண்டாட்டி முன்னால் ஒரு குடும்பஸ்தன் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்பதாவது! ஆகவே அந்த வேலை எனக்கு வந்தது.

மறுநாள் விடியற்காலை பஜ்ர் தொழுகைக்கு அத்தா எழுந்தபோது நான் பாயருகில் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

“அத்தா, நாக்க நீட்டுங்க.”

“எதுக்குளா?”

“பள்ளிக்கூடத்துல உடம்பப் பத்திப் பாடம் நடத்துறாங்க.”

படிப்பு என்றால் அத்தா எதையும் மறுக்கமாட்டார். நீட்டினார். அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். அப்படியொரு நாக்கை நான் கண்டதில்லை. ஒரே ஓட்டமாக மாமியிடம் ஓடினேன்.

“சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி இருக்கு மாமி! தடியா, ஈரமா இருக்கு. ஓரத்துல எல்லாம் பல்லு பதிஞ்சிருக்கு, கடிச்ச பணியாரம் மாதிரி!”

மாமி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். தன் நாக்கை நீட்டிக் காட்டினாள். என் நாக்கையும் பார்த்தாள். இரண்டும் ரோஸ் நிறம். எனக்கு ஒரே பெருமை. அன்று பள்ளிக்கூடத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேர் நாக்கையும் பார்த்து முடித்து, வாத்தியார் நாக்கைக் கேட்கிற இடத்துக்குப் போகும்போதுதான் தடுத்து நிறுத்தப்பட்டேன்.

அடுத்தது நாடி. அதற்கு என்னை அனுப்ப முடியாது. அம்மா நேராகவே போய்க் கேட்டாள். அத்தாவின் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

“என்னது? உன் தம்பி பொண்டாட்டி வந்து என் கையப் புடிக்கணுமா?”

“கைய யாரு புடிக்கிறா? நடுவுல திரை இருக்கும், கைமேல துணி இருக்கும்” என்றாள் அம்மா. “முதலாளி பக்கத்துல உக்காந்து தட்டப் பாத்து முழிக்கப்போறீகளே, அன்னைக்கு யாரு வந்து காப்பாத்துவா? உங்க கோவமா வந்து சோறு திங்கப்போவுது?”

அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அத்தாவும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். செத்த நேரம் கழித்துச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

கதவுத் திரைக்கு அந்தப் பக்கம் மாமி. இந்தப் பக்கம் அத்தாவும் அம்மாவும் மாமுவும். இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி நிலைப்படியில் நான். திரைக்கு அடியில் அத்தாவின் கை மட்டும் உள்ளே போனது. அம்மா அதன்மேல் மெல்லிய மஸ்லின் துணியைப் போட்டாள். மாமி மூன்று விரல்களை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு விரலை அழுத்தினாள், எடுத்தாள், இன்னொன்றை அழுத்தினாள். அடுத்து மறு கை. பிறகு மாமி மலாய் மொழியில் நிறையப் பேசினாள். மாமு அதைத் தமிழாக்கி அம்மாவிடம் சொன்னார்.

“அக்கா, மச்சான்கிட்டச் சொல்லு. வயிறுங்கிறது பிரியாணி ஆக்குற தேக்சா மாதிரியாம். அதுக்குக் கீழ எரியிற அடுப்புதான் மண்ணீரலாம். மச்சானுக்கு அடுப்பு அணஞ்சு கெடக்காம். அதான் உள்ள போன சோறு வேகாம, ஊறி ஊறிப் பொங்குதாம்.”

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தா தலையைத் தூக்கினார். வாழ்நாளெல்லாம் தேக்சாவோடும் அடுப்போடும் கிடந்தவர். டாக்டர் சொன்னது காதுக்குள் போகவில்லை. இது போய்விட்டது.

“அடுப்ப யாரு அணச்சதாம்?” என்றார். அம்மாவைப் பார்த்து இல்லை, நேராக மாமுவைப் பார்த்து.

மாமு ஒரு தடவை அம்மாவைப் பார்த்துவிட்டு அத்தாவின் பக்கமே திரும்பினார். “மச்சான்தான்... எரியிற அடுப்புல ஐஸ் சோடாவ ஊத்துனா என்னா ஆகும் மச்சான்?”

“அணஞ்சுதான் போகும்.”

“அவங்க வைத்தியத்துல அந்த உறுப்பு மண்ணோட சேர்த்தியாம். மண்ணு நல்லா இருந்தாத்தான் உடம்புல எதுவும் வெளையுமாம்.”

“நம்ம ஊர்லயும் அது மண்ணீரல்தானப்பா?” என்றார் அத்தா, ஏதோ கண்டுபிடித்துவிட்டவர்போல. மாமு இதைத் திருப்பிச் சொன்னதும் திரைக்குப் பின்னால் மாமி கைதட்டிச் சிரித்தாள்.

மாமு கடைசியாக, கொஞ்சம் தயங்கி, இன்னொன்றும் சொன்னார். “பழைய கோவத்தையும் கவலையையும் சோத்தோட பெசஞ்சு திங்கக்கூடாதாம். அதுவும் அந்த அடுப்ப அணைக்குமாம்.” இதை மாமிதான் சொன்னாளா, மாமுவே சேர்த்துக்கொண்டாரா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு. அத்தா மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். அம்மா மட்டும், “இத நான் எம்புட்டு நாளாச் சொல்லிக்கிட்டிருக்கேன்” என்றாள்.

புண் இல்லை என்று டாக்டர் சொன்னது உண்மைதானா என்று இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் மாமி வைத்தியத்தைத் தொடங்கினாள். வைத்தியம் என்றால் என்னென்னவோ எதிர்பார்த்திருந்த எனக்கு முதலில் ஏமாற்றம். அது வெறும் கஞ்சி. ஒரு பிடி அரிசியைப் பானை நிறையத் தண்ணீரில் போட்டு, அரிசி எது தண்ணீர் எது என்று தெரியாமல் கரைகிற வரைக்கும் சின்னத் தீயில் வேகவைப்பாள். அதில் இஞ்சியும், பினாங்கிலிருந்து தகர டப்பாவில் கொண்டுவந்த காய்ந்த ஆரஞ்சுத் தோலும் விழும். தோல் பழசாகப் பழசாகத்தான் மருந்தாம். டப்பா குறைந்துவிடுமே என்று நாங்கள் கமலா ஆரஞ்சு வாங்கித் தின்று தோலை மாடியில் காயப்போட்டோம். வைத்தியத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

விடிந்ததும் அத்தாவுக்குச் சூடான கஞ்சி. மத்தியானம் வேளை தவறாமல் குழைந்த சோறு, வேகவைத்த பூசணிக்காய். பச்சை வெள்ளரிக்காய் கூடாது, பானைத் தண்ணீர் கூடாது, வெதுவெதுப்பான தண்ணீர் மட்டும். ராத்திரிச் சாப்பாடு கொஞ்சமாக, அந்தி மஃரிபுத் தொழுகை முடிந்த கையோடு. சாப்பிட்டதும் படுக்கக்கூடாது, மலைக்கோட்டை அடிவாரம்வரை நடந்துவிட்டு வர வேண்டும். முழங்காலுக்குக் கீழே, எலும்புக்கு வெளிப்பக்கம் ஒரு பள்ளம் இருக்கிறது. அதைத் தினமும் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். அழுத்துவது என் வேலை. நான் அழுத்துகிற அழுத்தில் அத்தா, “ஏளா, கால விடுளா!” என்று கத்துவார். இத்தனைக்கும் மேலே, சாப்பிடும்போது கடைப் பேச்சு பேசக்கூடாது. அத்தாவுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது இதுதான். பேச விஷயமில்லாமல் கொஞ்ச நாள் சும்மா சாப்பிட்டார். பிறகு வேறு வழியில்லாமல் மாமுவிடம் பினாங்கைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்.

ஒருநாள் சாயங்காலம் அவர் நடக்கப் போகும்போது, மாமியின் உளவாளியாக நான் பின்னாலேயே போனேன். நினைத்தது சரியாகப் போயிற்று. கடைத்தெருத் திருப்பத்தில் அத்தா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “ஐஸ்ல வச்ச பன்னீர் ஒண்ணு” என்றார். சோடாக்காரர் கோலியை உள்ளே தள்ளி உடைத்து நீட்டினார். நான் பாய்ந்துபோய் அதைப் பிடுங்கினேன். திருப்பிக் கொடுத்தால் அத்தா குடித்துவிடுவார், கீழே கொட்டினால் அடி விழும். எனவே முழுப் பாட்டிலையும் நானே குடித்துவிட்டேன். மூக்கு வழியாகக் காற்று வந்தது, கண்ணில் நீர் கொட்டியது, நடுத்தெருவில் மாடு கத்துகிற மாதிரி ஓர் ஏப்பம் விட்டேன். அத்தா அடிக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சிரித்தார். அப்புறம் அவர் சோடா கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

முதலில் ஏப்பம் குறைந்தது. அடுத்து, காலையில் கொல்லைக்கு ஓடுவது நின்றது. நான் தினம் விளக்கைப் பிடித்துப் பார்த்துச் செய்தி சொல்லிக்கொண்டே இருந்தேன்: சுண்ணாம்பு ஓரத்தில் உதிருது மாமி, நடுவில் மட்டும்தான் இருக்கு மாமி, பல்லுத் தடம் மங்குது மாமி! ஒருநாள் பதினொரு மணி இருக்கும். கடையிலிருந்து அத்தா வேகு வேகென்று வந்தார். வாசலிலேயே நின்று கத்தினார்.

“பசிக்குது!”

வீடு மொத்தமும் ஓடி வந்தது. அம்மா கையில் கரண்டி, மாமு முகத்தில் சவரச் சோப்பு நுரை. “என்னங்க சொன்னீக? திருப்பிச் சொல்லுங்க” என்றாள் அம்மா.

“பசிக்குதுங்கிறேன். சோத்தப் போடு!”

அம்மா கரண்டியோடு அடுப்படிக்கு ஓடினாள். நான் ‘அத்தாவுக்குப் பசிக்குது, அத்தாவுக்குப் பசிக்குது’ என்று கத்திக்கொண்டே தெருவில் ஓடினேன். ரகசியம் அன்றோடு முடிந்தது.

நிக்காஹ் நாள் வந்தது. முதலாளி வீட்டுப் பின்னால் தோட்டத்தில் விடியும் முன்பே அடுப்புகள் எரிய ஆரம்பித்துவிட்டன. மாமு சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அத்தாவோடு சேர்ந்து விறகு தள்ளினார். “மாப்ள, அந்தத் தேக்சாவப் பாத்துக்க” என்று அத்தா அவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. தம் உடைத்துத் தேக்சாவைத் திறந்ததும் வந்த வாசனையில் மாப்பிள்ளை வீட்டார் பேச்சை நிறுத்தினார்கள்.

பெண்கள் பக்கம் மூங்கில் தட்டிக்குப் பின்னால் அம்மா, மாமி, நான். தட்டியின் இடுக்கில் கண்ணை வைத்திருந்தோம். முதலாளி அத்தாவின் தோளைத் தொட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். தட்டு வந்தது. எப்பேர்ப்பட்ட தட்டு! குன்று மாதிரி சோறு, மேலே கறி, பக்கத்தில் தாளிச்சாக் குழம்பு. அம்மா மாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமி மெதுவாக, “மெல்லணும்... நல்லா மெல்லணும்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அத்தா பிஸ்மி சொல்லி முதல் கவளத்தை எடுத்தார். மென்றார். அவசரப்படவில்லை. இரண்டாவது கவளம், மூன்றாவது. அதோடு நிற்பதுதானே வழக்கம்! நாலாவது கவளம் போனது. குன்றில் ஒரு பக்கம் சரிந்தது. அத்தா கறியைப் பிய்த்தார், எலும்பை உறிஞ்சினார், வெந்நீர் ஒரு மடக்கு குடித்தார். முதலாளி பார்த்துக்கொண்டே இருந்தார். தட்டின் பூப்போட்ட அடி தெரிந்தது. கடைசிப் பருக்கையையும் வழித்து வாயில் போட்டுவிட்டு, அத்தா விரல்களை ஒவ்வொன்றாகச் சூப்பினார். “இன்னுங் கொஞ்சம் வைக்கச் சொல்லுங்க முதலாளி” என்றார்.

பந்தலே சிரித்தது. “போடுங்கப்பா எல்லாருக்கும்!” என்று முதலாளி கையைத் தூக்கினார். தட்டிக்குப் பின்னால் நான் குதித்த குதியில் தட்டி சாய்ந்து, அதை நாலு பெண்கள் பிடிக்க வேண்டியிருந்தது.

அம்மாவால் அதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. மாமியின் வைத்தியத்தை எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், பெண்கள் மாமியைச் சூழ்ந்துகொண்டார்கள். பட்டுச்சேலையும் நகையுமாக, ஒருத்தி பின்னால் ஒருத்தி நாக்கை நீட்டிக்கொண்டு நின்றார்கள். முதலாளியின் மனைவியே முன்னால் வந்து நாக்கை நீட்டினாள். அவளிடம், வெற்றிலை போட்டிருந்தால் எதுவும் தெரியாது, காலையில் வாருங்கள் என்று பெரிய வைத்தியர்போலச் சொன்னது நான்.

“இதெல்லாம் எங்க படிச்சம்மா?” என்று அவள் மாமியைக் கேட்டாள்.

“அம்மாகிட்ட. பினாங்குல.”

“அம்மா இங்க வருவாகளா?”

“வர மாட்டாங்க” என்றாள் மாமி. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். “நான் கல்யாணம் செஞ்ச அன்னைக்கு அம்மா கடைக் கதவச் சாத்திட்டாங்க. நான் தட்டுனேன். தொறக்கல.”

முதலாளியின் மனைவி ‘ச்சு’க் கொட்டிவிட்டுச் சாப்பிடப் போனாள். மற்றவர்களும் கலைந்தார்கள். எனக்கு மட்டும் உற்சாகம் அடங்கவில்லை. திண்டுக்கல் முழுவதும் நாக்குகள் காத்திருக்கின்றன, ஒரு மாமி எப்படிப் போதும்?

“மாமி, கதவ ஓங்கித் தட்டியிருக்கணும். உள்ள இழுப்பறைய இழுத்துக்கிட்டு இருந்திருப்பாங்க, கேட்டிருக்காது. அடுத்த கப்பல்ல போயி அவங்களையும் கூட்டிட்டு வந்துருங்க. நம்ம கடைக்குப் பக்கத்துலயே அவங்களுக்கு ஒரு மருந்துக்கடை வச்சிரலாம்!”

மாமி என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். விரல்களை அழுத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

நான் அன்றைக்கு நிறையத் தின்றிருந்தேன். வயிற்றைத்தான் சோதிக்கிறாள் என்று நினைத்து, அவள் கேட்பதற்கு முன்பே நாக்கை நன்றாக வெளியே நீட்டிக்கொண்டு நின்றேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை. நாடி பார்க்க இவ்வளவு நேரம் ஆகாதே என்பது மட்டும்தான் எனக்குத் தோன்றியது.